புளியங்கொட்டை ஓட்டு

சன்னல் ஓரத்தை எனக்குக் குடுக்கிறியா தாயி? காத்துக்காக இல்ல. ரோட்டோரம் ஏதாச்சும் வண்டி விழுந்து கெடக்கான்னு பாத்துக்கிட்டே போகணும். ஆமா, எங்க வீட்டு ஆளு வண்டிதான். டிவிஎஸ்ஸு. சாயந்தரம் வேலை முடிஞ்சு வந்து குளிச்சு, சட்டையை மாத்திக்கிட்டு, ரோடு பிரியிற விலக்குல இருக்கிற கடைக்குக் குடிக்கப் போவாக. பின்னாலயே நான் இந்த பஸ்ஸுல போவேன். பொம்பளைகளுக்கு டிக்கெட்டு இல்லாததால பொழைச்சேன். இல்லாட்டி தினமும் யாரு குடுப்பா?

சண்டை போடவா போறேன்? அதுக்கெல்லாம் தெம்பு இல்ல. குடிச்சு முடிச்சு வெளிய வந்ததும் வண்டிக்குப் பின்னாடி ஏறி உக்காந்துக்குவேன், அம்புட்டுத்தான். பின்னாடி ஆளு இருந்தா அவுக மெதுவாப் போவாக. தனியா வந்தா லாரிக்கு முன்னாடி பறப்பாக. பன்னெண்டு கிலோமீட்டர் தாயி. நடுவுல நாலுவழிச் சாலையைத் தாண்டணும். உசிரோட கொண்டாந்து வீட்டுல சேத்திரணும். இப்ப எனக்கு வேற கவலையே கெடையாது.

புளியூரணின்னு ஒரு ஊரு, கேள்விப்பட்டிருப்பியே? டிவியில வந்துச்சு. பொம்பளைக ஒண்ணு சேந்து பிராந்திக்கடையை மூடின ஊரு. அதுல செவப்புச் சீலை கட்டிக்கிட்டு மைக்கைப் புடிச்சுப் பேசினது யாருங்கிற? நாந்தான். குருவம்மா. அப்ப ஒடம்புல கொஞ்சம் சதை இருக்கும். இப்ப வத்திப்போயிட்டேன், சொன்னாலும் யாரும் நம்ப மாட்டேங்குறாக.

நாலு வருசம் ஆச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியிலயே கடை. பிள்ளைக மூக்கைப் பொத்திக்கிட்டுப் போகும். மனு குடுத்துக் குடுத்துப் பாத்தோம், ஒண்ணும் நடக்கல. சரின்னு நானும் சீனியம்மாளும் போயி ஒவ்வொரு வீடாக் கதவைத் தட்டி, பொம்பளைகளைத் தெரட்டிக்கிட்டு வந்து ரோட்டுல உக்காந்துட்டோம். சீனியம்மான்னா எனக்கு எல்லாத்துலயும் கூட நிக்கிறவ, வாய்ல வந்தபடி பேசுவா. மொத நாளு போலீசு வந்துச்சு. ரெண்டாம் நாளு தாசில்தார் வந்தாரு. மூணாம் நாளுதான் டிவிக்காரன் வந்தான். மைக்கை நீட்டி, 'நீங்க பாதிக்கப்பட்டிருக்கீங்களாம்மா?'ன்னு கேட்டான். கேக்கணுமா? எங்க வீட்டு ஆளும் அங்கதான் கூட்டத்தோட கூட்டமா நின்னாக, கொத்தனார் வேலைக்குப் போற சட்டையோட, கையில கரண்டியோட.

எங்க பக்கத்துல புருசன் பேரைச் சொல்ல மாட்டோம் தாயி. ரேசன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிறவளைத்தான் சொல்லச் சொல்லுவோம். அன்னைக்கு மைக்குல சொன்னேன். அப்பன் பேரு, அவுக பேரு, செய்யிற வேலை, எல்லாத்தையும் சொல்லி, 'என் தாலியை வித்துக் குடிச்ச ஆளு இந்தா நிக்கிறாரு பாருங்க'ன்னு கையை நீட்டினேன். கேமரா அப்பிடியே திரும்புச்சு. கூட்டம் மொத்தமும் திரும்புச்சு. ராத்திரிச் செய்தியில திரும்பத் திரும்பப் போட்டான். மறுவாரம் கடைக்குப் பூட்டு.

தாலியை வித்தது நெசமான்னு கேக்காத. விக்கல. அடகுதான் வச்சாக, அதுவும் மக படிப்புக்கு. மைக்குல பேசுறப்ப அப்பிடித்தான் வரும். அதையெல்லாம் பாத்தா ஊருக்கு நல்லது செய்ய முடியுமா? அந்த ஒரு பேச்சுக்குத்தான் கலெக்டர் ஆபீசே அசைஞ்சுச்சுன்னு இன்னைக்கும் சொல்லுவாக.

அவுக ஒரு வார்த்தை கேக்கல. ஏன்டி அப்பிடிச் சொன்னேன்னு கேக்கல. அதுக்கப்புறம் ஊருக்குள்ள டீக்கடையில நிக்கிறது இல்ல. கோயில் கூட்டத்துக்குப் போறது இல்ல. சாவு வீட்டுக்குப் போனாலும் மாலையப் போட்டுட்டு உக்காராமத் திரும்பிருவாக. எனக்குச் சந்தோசம். மனுசன் திருந்திட்டாருன்னு நெனச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுச்சு, வண்டியை எடுத்துக்கிட்டு விலக்குக்குப் போயிக் குடிக்கிறாகன்னு.

அவுக மட்டுமா? ஊரு ஆம்பளைக மொத்தமும் அங்கதான். கடையை மூடினா குடியை மூடிரும்னு நெனச்சோம் நாங்க. குடி பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போச்சு, அவ்வளவுதான். முன்னாடி குடிச்சா கடை வாசல்ல விழுவான், தூக்கியாந்து போடுவோம். இப்ப லாரிக்குக் கீழ விழுகுறான்.

மொதல்ல வைரவன் போனான். மில்லுல லோடுமேன். நாலுவழிச் சாலையைக் கடக்கையில லாரி அடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. துட்டி வீட்டுல அவன் பொண்டாட்டி சோலையம்மா அழுகல தாயி. சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். என் கையைப் புடிச்சுக்கிட்டு மெதுவாத்தான் சொன்னா. 'எக்கா, கடை இங்கனயே இருந்திருந்தா எம் புருசன் குடிச்சுட்டு வாசல்ல கெடந்திருப்பான். காலையில எந்திரிச்சிருப்பான்.' என்னைக் கொறை சொல்லல அவ. சும்மா சொன்னா. எனக்குத்தான் சோறு எறங்கல.

அடுத்து இன்னொருத்தன் போனான். அப்பறம் ஒரு நாளு எங்க வீட்டு ஆளு மொகமெல்லாம் ரத்தமா வந்து நின்னாக. வளைவுல சறுக்கிருச்சாம். உப்புத் தண்ணியில தொடைச்சு விட்டேன். காயத்துல மண்ணு ஒட்டியிருந்துச்சு, ஒண்ணொண்ணா எடுத்தேன். அவுக கண்ணை மூடிக்கிட்டே உக்காந்திருந்தாக. அன்னையிலருந்து சாயந்தரமானா எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுவேன். தனக்கு வந்தாத்தானே தெரியுது தலைவலியும் காய்ச்சலும்.

போன வருசம் ஆகஸ்டு பதினஞ்சு கிராமசபையில ஆம்பளைக பேச்சை எடுத்தாக. கடையைத் திரும்பக் கொண்டாரணும்னு. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில கூட்டம். கையைத் தூக்கச் சொன்னா கலவரம் வரும்னு தலைவர் ரெங்கராசுக்குப் பயம். அவரு நல்லவருதான், யாரு சத்தமாப் பேசினாலும் ஆமாம்பாரு. 'நம்ம அம்மன் கோயில் வழக்கப்படி புளியங்கொட்டை போட்டுப் பாத்திருவோம். எதுல சாஸ்தி விழுகுதோ அதைத் தீர்மானமா எழுதி அனுப்பிருவோம்'னாரு.

எங்க கோயில்ல பொங்கலுக்கு யாரு மொதக் கரண்டி பிடிக்கிறதுன்னு சண்டை வந்தா இப்பிடித்தான். வேட்டியை மறைப்புக் கட்டி, உள்ள ரெண்டு குடத்தை வச்சிருவாக. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. மறைப்புக்குள்ள போயி இஷ்டப்பட்ட குடத்துல போட்டுட்டு வரணும். இந்தத் தடவை எவர்சில்வர் குடம் கடை வேணும்ங்கிறவுகளுக்கு. பிளாஸ்டிக் குடம் வேணாம்ங்கிறவுகளுக்கு. எங்களுக்குச் சிரிப்பா வந்துச்சு. ஊருல பொம்பளைக எண்ணிக்கைதான் கூட. செயிச்சாச்சுன்னு சீனியம்மா வெத்திலையே போட்டுட்டா.

நான் வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். கொட்டை கையில வேர்த்துப்போயி வழுக்குது. எனக்கு முன்னாடி தலைவர் போயி, எப்பிடி இருக்குன்னு காட்ட ஒரு கொட்டையை எவர்சில்வர் குடத்துல போட்டாரு. ணங்குன்னு கேட்டுச்சு தாயி. ஊருக்கே கேட்டுச்சு. அடுத்தாப்புல பிளாஸ்டிக்குல போட்டாரு, பொத்துன்னு விழுந்துச்சு. மறைப்பு என்னத்துக்கு ஆகும், சத்தமே காட்டிக் குடுத்துருமே!

உடனே நான் சத்தம் போட்டேன். 'இது ஒத்துக்க முடியாது. ரகசியம்னா ரகசியமா இருக்கணும். ரெண்டு குடத்துலயும் அடியில மண்ணைப் போடுங்க'ன்னேன். சொல்லி வாய் மூடல, பொம்பளைக அம்புட்டுப் பேரும் 'ஆமா ஆமா, குருவம்மக்கா சொல்றது நாயம், மண்ணைப் போடுங்க'ன்னு கத்துறாளுக. சீனியம்மா ஓடிப்போயி முந்தானையில ஆத்துமணல் அள்ளிக்கிட்டு வந்தா. கடைக்கு எதிரா ஓட்டுப் போடுறவளுக்குச் சத்தம் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? அப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும். வெளங்கல.

மறைப்புக்குள்ள போனேன். பிளாஸ்டிக் குடத்தைப் பாத்தேன். சோலையம்மா சொன்னது காதுக்குள்ள கேட்டுச்சு, அவுக மொகத்துல இருந்த மண்ணு கண்ணுக்குள்ள நின்னுச்சு. எவர்சில்வர்ல போட்டுட்டு வெளிய வந்துட்டேன். யாரையும் நிமிந்து பாக்கல. கடையை மூடின குருவம்மா கடைக்கு ஓட்டுப் போட்டாள்னு தெரிஞ்சா ஊரு என்ன பேசும்? ஆனா என் ஒரு கொட்டையில என்ன ஆகப்போகுதுன்னு ஒரு தைரியம். போட்டது போட்டதா இருக்கட்டும், கடை வராமலும் இருக்கட்டும், அப்பிடின்னு ரெண்டையும் சேத்து அம்மனை வேண்டிக்கிட்டேன். மனசு அப்பிடித்தானே கெடந்து அல்லாடும்.

சாக்கை விரிச்சுக் கொட்டினாக. எவர்சில்வர் குடத்துலருந்து கொட்டுது, கொட்டுது, நிக்கவே இல்ல. ஊரு ஆம்பளைக தலையை எண்ணி, அதுக்கு மேல வெளியூர்ல இருக்கிறவனையும் சேத்தாக்கூட அம்புட்டு வராது. ஆம்பளைகளே அரண்டுபோனாக. ஒருத்தன்கூடக் கை தட்டல. பொம்பளைக ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்கல. எல்லாரும் சாக்கையே பாத்துக்கிட்டு நின்னோம்.

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! நான் போட்டேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. எம் புருசன் உசிரு. மூணு நாளு ரோட்டுல உக்காந்து அடிபட்டவ நான், எனக்கு ஒரு கொட்டை போடப் பாத்தியதை இருக்கு. இவளுகளுக்கு என்ன வந்துச்சு? கூட உக்காந்து கோசம் போட்டவளுக, மைக்குக்குப் பின்னாடி நின்னு கண்ணைத் தொடைச்சவளுக! இப்பிடி முதுகுல குத்துவாளுகளா? அங்கனயே மண்ணை அள்ளித் தூத்தினேன். 'கடைக்குப் போட்ட கை வெளங்காமப் போக'ன்னு. சீனியம்மாளும் அள்ளித் தூத்தினா, எனக்கு மேல சத்தமா. அவளைப் பாத்து இன்னொருத்தி. புழுதியில ஒருத்தர் ஒருத்தருக்குத் தெரியல.

சீனியம்மாளும் போட்டிருப்பா. மூஞ்சியே சொல்லுச்சு. இன்னிக்கு வரைக்கும் அவ கூட நான் பேசுறது இல்ல. பின்ன, துரோகிகிட்ட என்ன பேச்சு?

அதுக்கப்புறம் கொஞ்ச நாளு எனக்கு வலது கை வலிச்சுச்சு. நூறு நாள் வேலையில மம்பட்டி பிடிச்ச வலி அது. வேற ஒண்ணும் இல்ல.

தீபாவளிக்கு முந்தியே கடை வந்துருச்சு. ஊருணிக் கரையில, எங்க வீட்டுலருந்து கூப்பிடு தூரம். திறந்த அன்னைக்கு நான் வாசல்ல தண்ணி தெளிச்சு, சீக்கிரமே கொழம்பு கூட்டி வச்சுட்டு உக்காந்திருந்தேன். மனசுக்குள்ள நிம்மதி. நடந்து போவாக, நடந்து வருவாக. விழுந்தாலும் ஊருணிக் கரையில விழுவாக, யாராச்சும் வந்து சொல்லுவாக. அவுக வேலை முடிஞ்சு வந்தாக, குளிச்சாக, சட்டையை மாத்தினாக. வண்டியை எடுத்தாக.

'எங்க?'ன்னேன்.

'விலக்குக்கு'ன்னாக.

'இங்கதான் தெறந்துட்டாகல்ல? ஊரு ஆம்பளைக எல்லாரும் இனி இங்கதான?'

வண்டியை மிதிச்சுக்கிட்டே என்னைய ஒரு பார்வை பாத்தாக. 'அங்க என்னைய யாருக்கும் தெரியாது'ன்னாக. போயிட்டாக.

இது ஒரு காரணமா தாயி? நீயே சொல்லு. தெரியாத ஊருல விழுந்தா யாரு தூக்குவா? இங்கன்னா எல்லாருக்கும் தெரியும், இன்னாரு புருசன்னு கொண்டாந்து போட்டுட்டுப் போவான். தெரிஞ்ச எடம்னா நல்லதுதானே? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், பிடிபடல. அங்க கூலிங்கா இருக்குமோ, சுக்கா நல்லாருக்குமோன்னு என்னென்னவோ நெனச்சேன். சுக்கா நானே வறுத்து வச்சேன். தின்னுட்டு விலக்குக்குப் போனாக.

கடைசியா ஒண்ணு செஞ்சேன். கேட்டாச் சிரிப்ப. வயர்க்கூடையை எடுத்துக்கிட்டு நானே ஊருணிக் கரைக் கடைக்குப் போனேன். பட்டப்பகல்ல, ஆம்பளைகளோட வரிசையில நின்னேன். கடைக்காரன் என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டான், மறுபடி மறியல் பண்ண வந்துருச்சுன்னு. 'பயப்படாத, எங்க வீட்டு ஆளு என்ன குடிப்பாருன்னு யாருக்காச்சும் தெரியுமா?'ன்னு வரிசையைப் பாத்துக் கேட்டேன். நாலு பேரு சொன்னாக. வாங்கிட்டு வந்து அரிசிப் பானைக்குப் பக்கத்துல வச்சேன். அவுக வீட்டுக்கு வர்றதுக்கு முந்தியே ஊரு பூராம் போயிச் சொல்லிருச்சு போல. வந்தாக, பாட்டிலைப் பாத்தாக. எடுத்துக் கொண்டுபோயித் தெருமதில் மேல வச்சுட்டு வண்டியை எடுத்தாக. அன்னைக்குக் குளிக்கக்கூட இல்ல. எவனோ தூக்கிட்டுப் போயிட்டான் பாட்டிலை.

நல்லதுக்குத்தானே செஞ்சேன்? பேரைக் கெடுத்துக்கிட்டு, ஊரைப் பகைச்சுக்கிட்டு, இந்த ஆளு வீட்டுப் பக்கத்துலயே குடிக்கட்டும்னுதானே இம்புட்டும்? அலுத்துப்போச்சு தாயி. மக போன் போட்டா, 'விட்டுரும்மா, உன் ஒடம்பைப் பாரு'ங்கிறா. எப்பிடி விட? அவுக வர்ற வரைக்கும் என் உசிரு ரோட்டுலதானே கெடக்கு.

அப்பறந்தான் இந்த பஸ்ஸைப் புடிச்சேன். மொத நாளு கடைக்கு எதுத்தாப்புல வறுகடலை வண்டிகிட்ட நின்னேன். அவுக வெளிய வந்தாக, என்னையப் பாத்தாக. திட்டுவாகன்னு நெனச்சேன். கடைக்குப் பின்னாடி போயி வண்டியை எடுத்துட்டு நின்னாக, நான் அங்க போயி ஏறிக்கிட்டேன். வழி நெடுக நான் பேசிக்கிட்டே வந்தேன், அசந்துரக்கூடாதுன்னு. அவுக பேசல. ஆனா மெதுவா ஓட்டினாக. அந்த வளைவுல இன்னும் மெதுவா. வீட்டுக்கு வந்து சோத்தைப் போட்டா சாப்பிட்டாக. எனக்கு அதுவே போதும்னு ஆயிருச்சு. தினமும் வர ஆரம்பிச்சுட்டேன்.

போன வாரம் அந்த வறுகடலைக்காரர் இருக்காரே, பெரியவரு, நல்ல மனுசன், அவுக வெளிய வர்றப்பக் கேட்டாரு. என்னையக் காட்டி, 'இந்தம்மா தினமும் வந்து நிக்கிதே கொத்தனாரே, உங்க ஊருப் பக்கமிருந்து வர்ற பஸ்ஸுலதான் வருது. யாருன்னு தெரியுமா?'ன்னு. நான் அந்தா அந்தத் தூணு தூரத்துல நிக்கிறேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

'தெரியலையே அண்ணாச்சி'ன்னாக. 'யாருக்கோ காத்திருக்கும்போல.'

இருபத்தஞ்சு வருசம் தாயி. ஒரு பிள்ளையைப் பெத்துக் கட்டிக் குடுத்தாச்சு. தெரியலையேன்னாக. போயிச் சட்டையைப் புடிச்சிருப்பேன், நாலு வருசத்துக்கு முந்தின குருவம்மான்னா. அன்னைக்குக் கூடையைப் புடிச்சுக்கிட்டு அங்கனயே நின்னேன். ஏன் அப்பிடிச் சொன்னாகன்னு இன்னும் எனக்குத் தெரியல. மனுசன் மனசு கல்லா? நான் என்ன பாவம் செஞ்சேன் அவுகளுக்கு?

வண்டியை ஸ்டார்ட் பண்ணாம உருட்டிக்கிட்டே போனாக. நானும் கொஞ்சம் கழிச்சு அந்தப் பக்கமே நடந்தேன். தெருமொனை திரும்பி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, வெளிச்சம் இல்லாத எடத்துல வண்டியை நிப்பாட்டிக்கிட்டு நின்னாக. திரும்பிப் பாக்கல. ஆனா நின்னாக தாயி. போயிருக்கலாம்ல? நின்னாக. நான் போயி ஏறினேன். அன்னைக்கு வழியில நான் பேசல. என்னைக்கும் இல்லாத மெதுவாப் போச்சு வண்டி.

அதுலருந்து கடைகிட்டப் போறது இல்ல. பங்குக்கிட்டவே எறங்கி, அந்த இருட்டுல நின்னுக்கிருவேன். அவுக அங்க வந்து நிப்பாட்டுவாக. எனக்கு உசிரு வேணும், பேரு எதுக்கு?

இந்தா, பங்கு வந்துருச்சு. தம்பி, ஆளு எறங்கணும், நிப்பாட்டு! கூடையை எடுத்துக் குடு தாயி. நீ விலக்குலதான எறங்குவ? அங்க வறுகடலை வாங்கினா, இல்ல அந்தப் பெரியவரு ஏதாச்சும் கேட்டா, என்னைய யாருன்னு தெரியாதுன்னு சொல்லிரு.